பஃபலோன்னா எருமையா, பைசனா? இந்த வார்த்தை எங்கருந்து தான் வந்துச்சு?

வரிக்குள்வரி:

வணக்கம் மக்களே. ஒரே ஒரு வார்த்தைல மாட்டிக்கிட்டு மூணு நாளா முழிச்சிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

நான் டாகுமெண்டரிக்குத் தமிழ் சப்டைட்டில் போடுற ஆளு. போன வாரம் ஒரு எபிசோட் வந்துச்சு. அமெரிக்கப் புல்வெளி, எங்க பாத்தாலும் பனி, அதுல ஒரு பெரிய மிருகம், முதுகுல திமில், தாடில ஐஸ் ஒட்டிட்டு இருக்கு, தலைய இப்படி அப்படி ஆட்டி பனிய ஒதுக்கிட்டு அடியில கெடக்குற புல்ல மேயுது. பின்னணில பேசுறவர் வாய்க்கு வாய் பஃபலோ பஃபலோங்கறார். பஃபலோன்னா எருமைன்னு ரெண்டாம் கிளாஸ்லயே படிச்சாச்சே, அப்படியே அடிச்சு அனுப்பிட்டேன். செக் பண்றவர்கிட்டருந்து ஒரே வரி, "படத்துல எருமை எங்கங்க இருக்கு?" சரின்னு காட்டெருமைன்னு மாத்தி அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்துச்சு, "காட்டெருமை வேற மிருகம்". அப்ப இது என்ன தாங்க?

இன்னொரு கூத்தும் இருக்கு. அதே எபிசோட்ல ஒரு பெரியவர் தன்னோட நிலத்த வித்த கதைய சொல்றப்ப "தே பஃபலோட் மீ"ங்கறார். நான் இருந்த வேகத்துல "என்னை எருமை ஆக்கிட்டாங்க"ன்னு போட்டுட்டேன். அர்த்தம் ஓரளவு பக்கத்துல வந்துடுச்சுன்னு தான் இப்பவும் தோணுது, ஆனா அதுக்கும் சிவப்பு அடிச்சுட்டாங்க.

மொதல்ல இந்த வார்த்தை எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா முடிவு பண்ண வசதியா இருக்கும்.

கொம்பன்77:

செக் பண்றவர் சொன்னது ரெண்டுமே சரி தான் ப்ரோ, கோச்சுக்காதீங்க.

நீங்க பாத்தது பைசன். அமெரிக்கக்காரங்க அத காலங்காலமா தப்பா பஃபலோன்னு சொல்லிட்டு வர்றாங்க, அவ்ளோ தான். பைசனுக்கும் எருமைக்கும் உறவு ரொம்ப தூரம். கணக்கா சொல்லணும்னா குரோமோசோம் எண்ணிக்கை பாருங்க, பசுவுக்கு 60, பைசனுக்கும் 60, நம்ம ஆத்து எருமைக்கு 50, சேத்து எருமைக்கு 48. அதனால தான் பைசனையும் மாட்டையும் சேத்து கலப்பினம் உண்டாக்க முடிஞ்சுது, எருமையையும் மாட்டையும் சேத்தா ஒண்ணும் நடக்காது. அதாவது பைசன் வந்து தாடி வச்ச மாடு, எருமையோட தம்பி இல்ல.

காட்டெருமை கதை இன்னும் மோசம். நம்ம செய்திகள்ல "காட்டெருமை ஊருக்குள் புகுந்தது"ன்னு போடுறாங்களே, அந்தக் கருப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்குறது, அது கவுர். அதுவும் எருமை கிடையாது, மாட்டு வகை தான், பழந்தமிழ்ல ஆமான்னு அழகா பேரு இருந்துச்சு, நாம தான் தொலைச்சுட்டோம். இதுல செம காமெடி என்னன்னா அதே கவுர இங்கிலீஷ்ல "இந்தியன் பைசன்"ம்பாங்க. ஒரே மிருகம், தமிழ்ல எருமை, இங்கிலீஷ்ல பைசன், நெசத்துல ரெண்டும் இல்ல. வீட்டு எருமையோட மூதாதையான நிஜக் காட்டெருமை தனியா இருக்கு, இப்ப பெரும்பாலும் அசாம் பக்கம் தான் மிச்சம்.

நீங்க பைசன்னே போட்டுடுங்க, மேட்டர் ஓவர்.

பழையஏடு:

மேட்டர் ஓவர் இல்லீங்க, இப்ப தான் ஆரம்பம். கொம்பன் சார் சொன்ன உயிரியல்ல எனக்கு ஒரு சண்டையும் இல்ல, ஆனா "தப்பா பஃபலோன்னு சொல்றாங்க"ன்னு சொன்னீங்க பாருங்க, அங்க தான் இடிக்குது. அந்தப் பேருக்கு சரியான சொந்தக்காரன் யாருன்னு தேடிப் போனா நம்ம எருமையும் அம்பேல்.

கதைய அடியிலருந்து சொல்றேன். கிரேக்க மொழில பூபலோஸ், பூபலிஸ்னு ஒரு சொல். அது எருமைக்கு வச்ச பேரே இல்ல. வட ஆப்பிரிக்காவுல இருந்த ஒரு மான் மாதிரி மிருகம், நீள மூஞ்சி, வளைஞ்ச கொம்பு, இப்ப ஹார்ட்பீஸ்ட்ங்கறோமே அந்த வகைன்னு சொல்றாங்க. கி.மு. 5ம் நூற்றாண்டுல ஹெரோடோட்டஸ்ங்கற கிரேக்க வரலாற்றுக்காரர் லிபியாவுல இருக்குற மிருகங்கள வரிசையா சொல்றப்ப இந்தப் பேரும் வருது. கிரேக்கத்துல மாட்டுக்குப் பேரு பூஸ், அந்த ஒலி உள்ள இருக்குறதுனால தானோ என்னவோ, கேக்குறவனுக்கு இது ஏதோ மாட்டு வகைன்னு தோணிடுச்சு.

அப்புறம் அந்த வார்த்தை லத்தீனுக்குப் போயி பூபலுஸ் ஆச்சு. ரோம்ல ஜனங்க என்ன பண்ணாங்க, ஜெர்மனி காட்டுலருந்து வர்ற முரட்டுக் காட்டு மாட்டையெல்லாம் பூபலுஸ்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. இதப் பாத்து கடுப்பான ஆளு யாருன்னா பிளினிங்கற ரோம எழுத்தாளர். கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்ப செத்தாரே, அவரே தான். அவரோட இயற்கை வரலாறு நூல்ல எழுதுறார், விவரம் தெரியாத ஜனங்க அந்தக் காட்டு மாட்டுக்கு பூபலுஸ்னு பேரு வைக்கிறாங்க, ஆனா நெஜமான பூபலுஸ் ஆப்பிரிக்காவுல பிறக்குறது, கன்னுக்குட்டி மாதிரியும் மான் மாதிரியும் இருக்கும்னு. பாத்தீங்களா, "இது பஃபலோ இல்ல, தப்பா சொல்றீங்க"ன்னு திருத்துறவங்க அன்னைக்கே இருந்திருக்காங்க, கிட்டத்தட்ட 1950 வருஷமா இதே சண்டை, இதே கமெண்ட்.

அப்ப ஐரோப்பாவுல எருமையே கிடையாது. சும்மா இல்ல, எருமை ஆசியாவுலருந்து போகணுமே. 6ம் நூற்றாண்டு கடைசில இத்தாலிக்கு முதல் முறையா பூபலுஸ்களக் கொண்டு வந்தாங்க, ஜனங்க அதிசயமா பாத்தாங்கன்னு பவுல் த டீக்கன்னு ஒரு பழைய வரலாற்றுக்காரர் எழுதிருக்கார், அது எருமை தான்னு பல பேரு எடுத்துக்கிறாங்க. கறுப்பா, கொம்போட, மாடு மாதிரியும் இருக்கு மாடு இல்லாத மாதிரியும் இருக்கு, இதுக்கு என்ன பேரு வைக்கிறது? சும்மா கெடந்த பேர எடுத்து மாட்டி விட்டாச்சு. பேச்சு வழக்குல நடுவுல இருந்த ப ஒலி ஃப ஆகி பூஃபலுஸ், இத்தாலியன்ல பூஃபலோ, போர்த்துகீஸ்லயும் அதே தான். போர்த்துகீசியர் ஆசியாவுக்குக் கப்பல்ல வந்து எருமைய அந்தப் பேர்லயே எழுதி வச்சாங்க, அவங்ககிட்டருந்தும் இத்தாலியர்கிட்டருந்தும் 1500கள் கடைசில இங்கிலீஷுக்குப் போச்சு. அங்கருந்து ஒரு அம்பது வருஷம் கூட ஆகல, 1630கள்லயே அமெரிக்காவுல குடியேறினவங்க பைசனப் பாத்து பஃபலோன்னு கூப்பிட ஆரம்பிச்சாச்சு.

ஆக மான், காட்டு மாடு, எருமை, பைசன். நாலாவதா வந்தவன மட்டும் திருடன்னு சொல்றது என்ன நியாயம்? மூணாவதா வந்த நம்ம எருமையும் அப்படி வாங்கிட்டு வந்த பேரு தானே.

தென்னவன்மொழி:

இவ்ளோ சுத்த வேண்டாம். பூபாலன் → பூபால் → பஃபலோ. தெள்ளத் தெளிவா தமிழ். வெள்ளக்காரன் நம்மகிட்டருந்து எடுத்தது.

பழையஏடு:

பூபாலன்னா பூமிய ஆளுறவன், ராஜான்னு அர்த்தம். மொதல்ல அதுவே சமஸ்கிருதம் தான், அது ஒரு பக்கம் இருக்கட்டும். ராஜாவ எப்ப எருமைன்னு கூப்பிட்டாங்க, கூப்பிட்டவன் அப்புறம் உயிரோட இருந்தானான்னு நீங்க தான் சொல்லணும். ஒலி ஒத்து வந்தா மட்டும் போதாது தோழர், நடுவுல எந்தக் கப்பல் எந்தக் காகிதத்துல ஏத்திட்டுப் போச்சுன்னு காட்டணும்.

பட்டறைக்காரன்:

நான் படிச்சவன் இல்ல, பாலிஷ் பட்டறை வச்சிருக்கேன். எங்க வேலைக்குப் பேரே பஃபிங் தான். பஃப் வீல்னு சொல்லுவோம், பருத்தித் துணிய வட்டம் வட்டமா வெட்டி அடுக்கி நடுவுல தையல் போட்டிருக்கும், மோட்டார்ல மாட்டி சுத்த விட்டு பச்ச கலர் மெழுகுக் கட்டிய ஒரு இழுப்பு இழுத்துட்டு பித்தளைய லேசா காட்டுனா போதும், கறுத்துக் கெடந்தது மூஞ்சி தெரியுற மாதிரி ஆயிடும், ஆனா நம்ம மூஞ்சி சாயங்காலம் கரிச்சட்டி. ஒரு நாள் ஒரு வாத்தியாரு வெளக்கு பாலிஷ் போட வந்தவரு, தம்பி இந்த பஃப்ங்கறது பஃபலோலருந்து வந்ததுப்பான்னாரு. நான் சிரிச்சேன், துணிக்கும் எருமைக்கும் என்ன சார்னு. அது நெசமா?

பழையஏடு:

அண்ணே, வாத்தியார் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

ப்ரெஞ்சுல எருமைக்கு பூஃப்ள். எருமைத் தோல எண்ணெய் போட்டுப் பதப்படுத்தி மெத்துன்னு ஆக்கினா அந்தத் தோலுக்கு இங்கிலீஷ்ல பஃப்னு பேரு. கத்தி வெட்டுத் தாங்குற கனமான கோட்டு அதுல தைப்பாங்க, 1600கள்ல இங்கிலாந்து சிப்பாய்ங்க போட்டுட்டுப் போனது. அந்தத் தோலுக்கு ஒரு வெளுத்த மஞ்சள் நிறம், அதனால அந்தக் கலருக்கும் பஃப். அந்தத் தோல வச்சு உலோகத்தத் தேய்ச்சு பளபளப்பாக்குனதுனால தேய்க்கிற வேலைக்கும் பஃப். பின்னாடி தோல் போயி துணி வந்துச்சு, பேரு மட்டும் உங்க வீல்ல ஒட்டிக்கிட்டு சுத்திட்டு இருக்கு. ஒட்டுத் துணியில்லாம இருக்குறத "இன் த பஃப்"ங்கறதும் இதே தோல் வழியா வந்தது தான்.

இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. சினிமா பைத்தியத்த ஃபில்ம் பஃப்ங்கறாங்களே, அதுவும் இதே. நியூயார்க்ல 1820கள் வாக்குல தீயணைக்கப் போற தன்னார்வலருங்க பஃப் கலர் கோட்டு போட்டிருந்தாங்க. எங்க தீப்பிடிச்சாலும் ஓடிப் போய் வேடிக்கை பாக்குற ஒரு கூட்டம் அப்பவும் இருந்துச்சு, அந்தக் கூட்டத்துக்கு பஃப்னு பேரு விழுந்துச்சு, அப்புறம் எதுல பைத்தியமா இருந்தாலும் பஃப். எருமைத் தோலுக்கும் சினிமா தியேட்டருக்கும் நடுவுல இருக்குறது ஒரு தீயணைப்பு கோட்டு.

சுடுதண்ணி:

அப்ப பஃபே சாப்பாடும் எருமை தானா 😂 பந்தில முட்டி மோதுறதப் பாத்தா அப்படித் தான் இருக்கு

பழையஏடு:

இல்லப்பா, அது வேற ப்ரெஞ்சு சொல். கண்ணக் கட்டி விளையாடுற ப்ளைண்ட் மேன்ஸ் பஃப்ல வர்ற பஃப் கூட இது இல்ல, அதுக்கு அடின்னு அர்த்தம். பஃபூன் வந்து கன்னத்த உப்ப வச்சு ஊதுறதுலருந்து. ஒலி ஒத்து வந்தா உறவுன்னு நெனைக்காதீங்கன்னு இப்ப தான் ஒருத்தர்கிட்ட சொல்லி முடிச்சேன்.

மூணாவதுகண்:

கேள்வி கேட்டவரோட ரெண்டாவது வரிக்கு யாரும் பதில் சொல்லவே இல்லயே. பஃபலோ வினைச்சொல்லாவும் வரும், அமெரிக்கப் பேச்சு வழக்கு, 1900க்கு முன்ன பின்ன வந்தது. அர்த்தம் என்னன்னா ஆளக் குழப்பி விடுறது, மிரட்டிப் பணிய வைக்கிறது, தலைல மொளகா அரைக்கிறது. "தே பஃபலோட் மீ"ன்னா "என்னைக் குழப்பி, மிரட்டி வாங்கிட்டாங்க". நில விஷயம்னா இது தான் பொருத்தம். "எருமை ஆக்கிட்டாங்க"ன்னா நம்ம ஆளுங்க மரத்துப் போனவனாக்கிட்டாங்கன்னு தான் எடுத்துப்பாங்க, ஏன்னா நமக்கு எருமைன்னா மழை பெஞ்சாலும் அசையாதது. அவங்களுக்கு பஃபலோன்னா கூட்டமா கெளம்பி வந்து ஏறி மிதிச்சுட்டுப் போறது. ஒரே வார்த்தை, மனசுல வர்ற படம் நேர் எதிர்.

வினைச்சொல் வந்தாச்சுல்ல, இப்ப உலகப் புகழ் வாக்கியத்துக்கு வர்றேன். பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ பஃபலோ. எட்டு தடவ, நடுவுல வேற ஒரு சொல் கிடையாது, இலக்கணம் முழுக்க சரி. இதே மாதிரி பஃபலோவ மட்டும் அடுக்கி 1972ல வில்லியம் ராப்பபோர்ட்ங்கறவரும் வாக்கியம் உருவாக்கினார், அப்புறம் அவரே அமெரிக்காவுல இருக்குற பஃபலோங்கற ஊர் யுனிவர்சிட்டில ப்ரொபசர் ஆனார்ங்கறது தனி காமெடி. விரல் விட்டுக்கிட்டே வாங்க. 1ம் 2ம் சேந்து பஃபலோ ஊர் பைசனுங்க. 3ம் 4ம் அதே ஊரு வேற பைசனுங்க. 5 அதுங்க மிரட்டுது. அதாவது மொத அஞ்சும் சேந்தா "பஃபலோ ஊர் பைசனுங்க மிரட்டுற பஃபலோ ஊர் பைசனுங்க". 6 தான் மெயின் வினை, இதுங்களும் மிரட்டுது. யார? 7ம் 8ம், மறுபடி பஃபலோ ஊர் பைசனுங்கள. மேல இருக்குறவன் மிரட்டுறான், வாங்குனவன் கீழ இருக்குறவன்கிட்ட காட்டுறான், ஆபீஸ்ல நடக்குறது தான்.

தமிழ்ல இத அப்படியே பண்ணவே முடியாது, நம்மகிட்ட "ஐ"யும் "கள்"ளும் "கிறது"ம் வந்து ஒவ்வொரு சொல்லயும் காட்டிக் கொடுத்துடும். அதுக்கு பதிலா காளமேகப் புலவர் க வரிசைய மட்டும் வச்சு வெண்பா பாடி அந்தக் கணக்க எப்பவோ தீத்துட்டார்.

சுடுதண்ணி:

ஊர் பேரு எப்படி வந்துச்சு, அங்க எருமை இருந்துச்சா

மூணாவதுகண்:

அங்க ஓடுற பஃபலோ ஓடைலருந்து ஊருக்குப் பேரு வந்துச்சு. ஓடைக்கு ஏன் அந்தப் பேருங்கறதுக்கு ஆளுக்கொரு கதை. ப்ரெஞ்சுல அழகான ஆறுன்னு அர்த்தம் வர்ற "போ ஃப்ளூவ்" தான் மருவிடுச்சுன்னு ஒண்ணு சொல்லுவாங்க, கேக்க நல்லா இருக்கு, ஆனா பிடிச்சுக்க பழைய எழுத்து ஆதாரம் இல்லாத கதை. 1964ல அந்த ஊர்ல ஒரு பார்ல செஞ்ச கோழி இறக்கை வறுவல் தான் பஃபலோ விங்ஸ். எருமைக்கு எங்க இறக்கைன்னு கேட்ட ஆளுங்கள எனக்கு நேர்லயே தெரியும், பேர் சொல்ல மாட்டேன்.

சொல்லேர்:

தாமதமா வந்துட்டேன். மத்த மொழில இந்தச் சொல் என்ன பாடு படுதுன்னு பாத்தீங்களா? இத்தாலியன்ல பூஃபலான்னா பெண் எருமை, கூடவே பொய்ச் செய்தி, புரளின்னும் அர்த்தம், நம்ம வாட்ஸப் ஃபார்வர்டு மாதிரி. ஜெர்மன்ல ப்யூஃபல்னா எருமை, ப்யூஃபல்ன்னா பரிட்சைக்கு முந்தின நாள் உக்காந்து உருப்போடுறது. ரெண்டுக்கும் நடுவுல கடைசில வர்ற ஒரு ன் தான் வித்தியாசம். நம்ம ஊர்ல படிக்காத பயல எருமைன்னு திட்டுவோம், அங்க விழுந்து விழுந்து படிக்கிறவன் எருமை வேலை பாக்குறான். அரபில எருமை ஜாமூஸ், அது பாரசீக காவ்மேஷ்லருந்து வந்தது, காவ்னா மாடு, மேஷ்னா செம்மறி. எருமையப் பாத்து மாட்டாடுன்னு பேரு வச்சவன் எந்த வெயில்ல நின்னு பாத்தானோ.

நம்ம பக்கம் பாத்தா எருமை யார்கிட்டயும் கடன் வாங்கல. மலையாளத்துல எரும, கன்னடத்துல எம்மெ, தெலுங்குல எனுமு, எல்லாம் ஒரே குடும்பம், ஆரம்பத்துலருந்தே ஒரே மிருகம் தான். கறுப்பா இருக்குறதுனால காரான், இலக்கியத்துல மேதி. தொல்காப்பியம் மரபியல்ல இளம் பெண் எருமைக்கு நாகு, ஆண் எருமைக்கு கண்டின்னு சொல்லலாம்னு வருது. வடமொழி மகிஷம் கூட ரிக்வேதத்துல வலிமையானதுங்கற அர்த்தத்துல அடைமொழியா நின்னு அப்புறம் தான் மிருகத்துப் பேரா நிலைச்சுது. எருமைன்னு யாராவது திட்டினா வலிமையானவனேன்னு மொழிபெயர்த்து எடுத்துக்கங்க.

கொம்பன்77:

பழையஏடு சார், தப்புன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், பிளினி பக்கத்துல நின்னு திட்டு வாங்க நமக்குத் தெம்பு இல்ல. ஆனா சப்டைட்டில்ல படிக்கிறவருக்கு ஒரு நொடி தான் டைம், அதுக்குள்ள எருமைன்னு படிச்சுட்டுப் படத்துல தாடியப் பாத்தா குழம்பிடுவாரு. அதனால பைசன்னு போடுறதுல நான் உறுதியா நிக்கிறேன். அமெரிக்க அரசாங்கமே 2016ல தேசியப் பாலூட்டின்னு சட்டம் போட்டப்ப பைசன்ங்கற பேர்ல தான் போட்டுச்சு.

பழையஏடு:

அதுல நானும் உங்க கட்சி தான். ஆனா ஒரு இடத்துல விட்டுடணும், ஆளுங்க பேர்லயும் பட்டப்பேர்லயும் கை வைக்கக் கூடாது. பஃபலோ பில்லுன்னு ஒருத்தர், வில்லியம் கோடி, ரயில் பாதை போட்ட வேலையாளுங்களுக்குக் கறிக்காக ஒன்றரை வருஷத்துல 4,000க்கு மேல பைசன சுட்டதா அவரே கணக்கு சொன்னவர். அவர பைசன் பில்லுன்னு மாத்துனா யாருன்னே தெரியாது. 1913லருந்து 1938 வரைக்கும் அடிச்ச அஞ்சு சென்ட் காசுக்கும் பஃபலோ நிக்கல்னு தான் பேரு, அதுல நிக்கிறது பைசன்.

வரிக்குள்வரி:

அடேங்கப்பா, ஒரு வார்த்தை கேட்டேன், ஒரு ஊரே வந்துடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

முடிவு இப்படிப் பண்ணினேன். படத்துல மிருகம் தெரியுற எடத்துல எல்லாம் பைசன். பேரா வர்ற எடத்துல பஃபலோ. கிழவருக்கு "குழப்பி மிரட்டி வாங்கிட்டாங்க". நேத்து ராத்திரி அனுப்பினேன், காலைல ஓகேன்னு மெயில் வந்துடுச்சு. எருமை ஒரு எடத்துல கூட இல்ல, மனசுக்குக் கொஞ்சம் வருத்தம் தான்.

அதே மெயில்லயே அடுத்த எபிசோடும் வந்துருக்கு. ஆப்பிரிக்கா. மொத காட்சியே கேப் பஃபலோவாம், நெத்தி முழுக்க ஹெல்மெட் மாட்டின மாதிரி கொம்பு. கொம்பன் சார், இது எருமையா இல்லையா, இதுக்கு குரோமோசோம் எத்தனை?

கொம்பன்77:

52. எருமையும் இல்ல, மாடும் இல்ல, தனிப் பேரினம். ஆப்பிரிக்க எருமைன்னு போடுங்க, இந்த ஒரு தடவ யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க.